ஒரே பேப்பரில் இரண்டு நாடு

1

நேற்றோடு நான் துபாய் வந்து மூன்று வருடம். கேக் எதுவும் வெட்டவில்லை. கராமா ரூமில் என்னோடு இருக்கும் மூன்று பெண்களும் எனக்கு முன்பே டியூட்டிக்குப் போய்விட்டார்கள். நானும் வழக்கம்போல மெட்ரோ பிடித்துத் தேராவுக்கு வந்து, எங்கள் தேயிலைக் கம்பெனியின் இரண்டாவது மாடியில் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது முழு உண்மை இல்லை. முதல் ஒரு மணி நேரத்தில் நாலு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

காரணம் ஒரு லாரி. நேற்றுக் காலை அது பெலாரஸ் நாட்டின் தலைநகரான மின்ஸ்கிலிருந்து கிளம்பி, பக்கத்து நாடான ரஷ்யாவில் இருக்கும் ஸ்மோலென்ஸ்க் என்ற நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே நாங்கள் அனுப்பிய முந்நூறு பெட்டித் தேயிலை. அந்தப் பெட்டிகளுக்கென்று ரஷ்யச் சுங்கத் தாள் ஒன்றுகூடக் கிடையாது. அது தேவையில்லை என்று சொன்னவள் நான். முப்பது வருடம் வியாபாரம் பார்த்த என் முதலாளி, தேவை என்று சொன்னார். தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

லாரி எல்லையைத் தாண்டினால் கம்பெனியின் வடக்கு நாடுகளுக்கான மேசை எனக்கு. அதாவது ரஷ்யா, பெலாரஸ் ஆர்டர்கள் எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு. தாண்டாவிட்டால் நான் பழையபடி பில் டைப் செய்யலாம். முதலாளி அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதனால்தான் பயமாக இருந்தது.

2

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். அப்பா கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதற்குப் பிறகு கொழும்பில் ஏற்றுமதி டிப்ளோமாவும் முடித்தேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் விருப்பம் இல்லை.

எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதில் இரண்டு நாட்டுத் தாள்கள் உண்டு. அப்பா சிறுவனாக இருந்தபோது, இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து மக்களைப் பங்கு பிரித்துக்கொண்டன. இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு. பெரியப்பா அப்போதுதான் கல்யாணம் முடித்திருந்தார். தனிக் குடும்பம் என்பதால் தனி மனு. அவருக்கு இந்தியா என்று வந்தது. அவர் தலைமன்னாரில் கப்பல் ஏறி, கடைசியில் நீலகிரி மலையில் கோத்தகிரிக்குப் போய் அங்கேயும் தேயிலைத் தோட்டத்தில்தான் வேலை பார்த்தார். அப்பா தன் தாய் தகப்பனோடு இங்கேயே நின்றார். பல வருடம் எந்த நாட்டுக்கும் குடிமகனாக இல்லாமலே நின்றார். அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் நேரில் பார்க்கவில்லை. இப்போது போனில் பேசிக்கொள்கிறார்கள். மழை பெய்ததா, கொழுந்து எப்படி, முட்டு வலி எப்படி. அவ்வளவுதான்.

பக்கத்துப் பக்கத்து நாடுகள் இரண்டும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் நம்மைப் பிரிப்பார்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த அரசியல் அது ஒன்றுதான். படித்த எனக்கும் அதுதான் தெரிந்திருந்தது. நான் செய்த தவறு அங்கேதான் தொடங்கியது.

3

எங்கள் முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்போம். காயல்பட்டினத்துக்காரர். இலங்கைத் தேயிலையையும் நீலகிரித் தேயிலையையும் வாங்கி, ஜபல் அலியில் உள்ள பேக்டரியில் கலந்து பெட்டியில் அடைத்து விற்பது அவர் தொழில். இலங்கைத் தேயிலை மணம் தரும், நீலகிரித் தேயிலை திடம் தரும் என்பார்கள். வடக்கே குளிர் நாடுகளில் இந்தக் கலவைக்கு நல்ல பெயர்.

மின்ஸ்கில் இருக்கும் ஒரு வியாபாரிக்காக துபாயில் ஆர்டர் கொடுத்து, சரக்கைப் பார்த்து அனுப்புகிறவள் அலேசியா. பெலாரஸ்காரி, என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கணவர் ரஷ்யர். அல் நஹ்தாவில் குடியிருக்கிறார்கள். என் பெயர் யோகேஸ்வரி. அவள் அதை யோகா என்று சுருக்கிவிட்டாள். அதனால் அவள் கட்டிடத்துப் பெண்கள் இரண்டு பேர் என்னிடம் வகுப்பு எத்தனை மணிக்கு என்று கேட்டிருக்கிறார்கள்.

நானே தனியாகப் பார்க்க வேண்டும் என்று ஹாஜியார் கொடுத்த முதல் பைல் அவளுடையது. அறுநூறு பெட்டி. ஆர்டர் தாளில் இரண்டு முகவரிகள் இருந்தன. பாதி மின்ஸ்க் கடைக்கு, பாதி ஸ்மோலென்ஸ்க் கடைக்கு. வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டு நாடு, நடுவில் கோடு. யாரையும் கேட்கவே தோன்றவில்லை. இரண்டு இன்வாய்ஸ் போட்டேன். இரண்டு பேக்கிங் லிஸ்ட். பெட்டியில் ஒட்டும் லேபிளிலும் இரண்டு இறக்குமதியாளர் பெயர். கிடங்கில் பெட்டிகள் கலந்துவிடக் கூடாது என்று மின்ஸ்க் பெட்டிக்குப் பச்சை டேப்பும் ஸ்மோலென்ஸ்க் பெட்டிக்குச் சிவப்பு டேப்பும் ஒட்டச் சொன்னேன். வேலை அவ்வளவு சுத்தமாக இருந்தது. போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

கப்பலில் சரக்கு ஏற்றக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு அலேசியா கிடங்குக்கு வந்தாள். சிவப்பையும் பச்சையையும் பார்த்தாள். ஏன் இரண்டு நிறம் என்று கேட்டாள். இரண்டு நாடு இல்லையா என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். முகம் வெளுத்துவிட்டது. ஸ்மோலென்ஸ்க் கடை வெறும் கடை, அது வாழ்நாளில் ஒரு பொருளைக்கூட வெளிநாட்டிலிருந்து இறக்கியதில்லை, அதன் பெயரில் உணவுப் பாதுகாப்புத் தாள் எதுவும் கிடையாது, நீ போட்டிருக்கிறபடி போனால் இந்தச் சிவப்புப் பெட்டிகள் ரஷ்யத் துறைமுகத்திலேயே உட்கார்ந்துவிடும் என்றாள். அப்படியானால் ஸ்மோலென்ஸ்குக்கு எப்படித்தான் போகும் என்று கேட்டேன்.

"மின்ஸ்கில் ஒரு தடவை சுங்கம் முடிந்தால் போதும். பிறகு லாரியில் ஏற்றினால் போய்விடும். நடுவில் சுங்கம் ஏது?"

நடுவில் சுங்கம் ஏது. இந்த வாக்கியத்தை நான் இரண்டு தடவை சொல்லச் சொன்னேன்.

4

அன்று மாலையும் மறுநாள் காலையும் நான் படித்தேன். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை.

சோவியத் ஒன்றியம் உடைந்தபோது ரஷ்யா, பெலாரஸ் இரண்டும் தனித்தனி நாடுகளாயின. சில வருடங்களிலேயே மறுபடி சேர்ந்து நடப்போம் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. கொடி தனி, அதிபர் தனி, ராணுவம் தனி. ஆனால் இந்த நாட்டுக்காரர் அந்த நாட்டில் பெர்மிட் இல்லாமல் வேலை பார்க்கலாம். பிள்ளையை அங்கே பள்ளியில் சேர்க்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பிறகு இன்னும் மூன்று நாடுகளையும் சேர்த்துச் சுங்கத்துக்கு ஒரே வேலி போட்டார்கள். வேலி வெளியே மட்டும்தான். உள்ளே ஒரு நாட்டில் தீர்வை கட்டிய பொருள் மற்ற நாட்டில் சுற்றி வரலாம். பெட்டியில் ஐந்து நாட்டுக்கும் ஒரே தர முத்திரை. சமீபத்தில் விசாவிலும் ஏற்பாடு வந்திருக்கிறது. ஒரு நாட்டின் விசா இருந்தால், என்னைப் போன்ற வெளியாள்கூட, அதற்கென்று சொல்லியிருக்கும் வழிகளில் மற்ற நாட்டுக்குள் போகலாம்.

ஒரு கம்பெனியிலிருந்து பக்கத்துக் கட்டிடத்துக் கம்பெனிக்கு மாற எத்தனை தாள் வேண்டும் என்று இங்கே இருக்கிற நமக்குத் தெரியும். விசா கொடுத்த முதலாளியான கபீலின் கையெழுத்துக்கு நடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே மனிதர்கள் நாடு மாறி வேலைக்குப் போய்விட்டு வருகிறார்கள். எனக்கு மெட்ரோவில் நின்றுகொண்டே யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் நின்ற பிலிப்பினோப் பெண்ணிடம் சொல்லியும் விட்டேன். நல்லது என்றாள்.

ஹாஜியாரிடம் போய் என் தவறை முதலில் சொன்னேன். பிறகு தீர்வைச் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே இன்வாய்சில், மின்ஸ்க் வியாபாரி பெயரில் அனுப்பலாம் என்று. தவறைக் கேட்டு அவர் திட்டவில்லை. தீர்வைக் கேட்டுத்தான் கண்ணாடியைக் கழற்றினார்.

"இங்க பாரு மவளே. இந்த வளைகுடா நாடெல்லாம் அண்ணன் தம்பிதானே? பேருக்கு ஒரே கூட்டமைப்பு. அப்படியும் நம்ம லாரி பார்டர்ல நிக்கத்தானே செய்யுது? ரெண்டு கொடி இருந்தா ரெண்டு பேப்பர். கலாஸ், அவ்வளவுதான்."

"அவங்க வேலி வெளியில மட்டும்தான் ஹாஜியார். உள்ளுக்க இல்ல."

"நீ போய்ப் பாத்தியா?"

"இல்ல. படிச்சேன்."

"படிச்சியா." அப்போதுதான் அந்தச் சிரிப்பு வந்தது. ஸ்மோலென்ஸ்க் பாதியை நிறுத்தி வைத்து, ரஷ்யாவில் வேறு ஆளைப் பிடித்துத் தனித் தாள் வாங்கிப் பிறகு அனுப்பலாம் என்பது அவர் யோசனை. அதற்குள் குளிர்காலம் பாதி போய்விடும், கடைக்காரர் வேறு தேயிலைக்கு மாறிவிடுவார் என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"அப்ப எழுதிக் குடு. லாரி நின்னுச்சுன்னா இந்தப் பிள்ளைதான் காரணம்னு நான் எல்லாருக்கும் காட்டணும்ல."

எழுதினேன். தமிழில் எழுதினேன். கையெழுத்தை முழுப் பெயராகப் போட்டேன். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் தாங்களாகவே எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டதில்லை. பிறர் எழுதியதில் விரலை வைத்திருக்கிறார்கள்.

5

மறுநாள் முழுவதும் ஜபல் அலிக் கிடங்கில் இருந்தோம். சிவப்பு டேப் ஒட்டிய முந்நூறு பெட்டிக்கும் புது லேபிள் ஒட்ட வேண்டும். கிடங்கின் போர்மேன் கான் பாய், பெஷாவர்காரர், முதலில் என்னைக் கேட்டுக்கொண்டார். "மேடம், ஏக் யா தோ? இந்தத் தடவை பக்கா போலோ." ஒன்றா இரண்டா, உறுதியாகச் சொல் என்று. ஏக், பாய், ஏக் என்றேன். பழைய டேப்பை உரிக்க நேரம் இல்லை. லேபிளை மட்டும் மாற்றினோம். சிவப்பு, பச்சை என்று பார்க்காமல் கைக்கு வந்ததைக் கண்டெய்னரில் அடுக்கினார்கள்.

அலேசியாவும் தன் மகள் பொலினாவோடு வந்து தரையில் உட்கார்ந்து ஒட்டினாள். அவளும் நானும் பேசுவது ஆங்கிலத்தில். இரண்டு பேருக்கும் அது வாடகை வீடுதான், அங்கங்கே முட்டிக்கொள்வோம். பொலினாவுக்கு மட்டும் அது சொந்த வீடு. ஒன்பது வயது. எந்த ஊர் என்று கேட்டேன். துபாய் என்றாள். அம்மா ஊர்? யோசித்து, அங்கே பனி பெய்யும் என்றாள். ரஷ்ய மொழியில் தாய் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். என் ரூம்காரி ஒருத்தியின் அக்கா பிள்ளைகள் ஷார்ஜாவில் இப்படித்தான் தமிழுக்குப் பதில் சொல்கிறார்கள்.

நான் ஒட்டிக்கொண்டே அலேசியாவிடம் கொட்டித் தீர்த்தேன். உங்கள் நாடுகள் செய்திருப்பது எவ்வளவு பெரிய காரியம், என் பெரியப்பா கதை தெரியுமா, எங்களை எப்படிப் பங்கு போட்டார்கள் தெரியுமா என்று. அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, தன் அத்தை ஸ்மோலென்ஸ்கில் இருக்கிறார், அம்மா வருடத்துக்கு இரண்டு தடவை பஸ் ஏறிப் போய் வருகிறார், அது நல்ல விஷயம்தான் என்றாள். கொஞ்ச நேரம் ஒட்டினாள்.

"ஆனால் யோகா, என் வீட்டுக்காரர் நாம் ஒன்று என்று சொல்லும்போதெல்லாம், அந்த ஒன்று எது என்று நான் கேட்பேன். அவர் நாடு யானை. எங்கள் நாடு அவ்வளவு பெரிது இல்லை. யானையோடு ஒரே கட்டிலில் படுத்தால் தூக்கம் வருமா?"

பர்ஸிலிருந்து இரண்டு நோட்டு எடுத்துக் காட்டினாள். இரண்டுக்கும் பெயர் ரூபிள். ஒன்று ரஷ்யாவுடையது, மற்றது பெலாரஸுடையது. ஒரே பணமாக்க வேண்டும் என்று வருடக்கணக்கில் பேசுகிறார்கள், இன்னும் ஆகவில்லை, ஆகாமல் இருந்தால் தனக்குச் சந்தோஷம் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பையில் இலங்கை ரூபாய் ஒன்று அதிர்ஷ்டத்துக்காக வைத்திருக்கிறேன். பெரியப்பா கையிலும் இருப்பது ரூபாய்தான். அதன் பெயரும் இதன் பெயரும் ஒன்று என்பதால் அவருக்கு என்ன லாபம் வந்தது என்றேன். அவளும் சிரித்தாள்.

அவள் சொன்னதை நான் மறக்கவில்லை. சேர்வதிலும் ஒரு பயம் உண்டு என்பது எனக்கு அதுவரை தெரியாது. பிரிக்கப்பட்டவர்கள் வீட்டில் பிறந்தவள் நான். சேர்கிறவர்கள் எல்லோரும் கொண்டாடுவார்கள் என்று நினைத்திருந்தேன். இருந்தும் சொல்கிறேன், அவளுடைய அம்மா பஸ் ஏறுகிறார். என் அப்பா ஏறவில்லை. நான் எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

எழுந்து கையைத் துடைக்கும்போது அலேசியா ஒன்று சொன்னாள். சுங்கம் இல்லைதான், ஆனால் எல்லை தாண்டியதும் சில சமயம் லாரியை நிறுத்தித் தாள் பார்ப்பார்கள், பார்க்கிற ஆளைப் பொறுத்தது என்று. இதை நீ முன்பே சொல்லியிருக்கலாம் என்றேன். மாபி முஷ்கில் என்றாள், பிரச்சினை இல்லை என்று. இங்கே அப்படிச் சொன்னால் பிரச்சினை வரப்போகிறது என்று அர்த்தம்.

6

கப்பல் போய், ரஷ்யத் துறைமுகத்தில் கண்டெய்னர் இறங்கி, முத்திரை உடைக்காமல் மின்ஸ்க் போய்ச் சேர்ந்தது. அங்கே சுங்கம் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. முந்நூறு பெட்டி அங்கே தங்கியது. மீதி முந்நூறு நேற்று லாரி ஏறியது. டிரைவர் அலேசியாவுக்கு வழி நெடுகச் செய்தி அனுப்பினார், அவள் எனக்கு அனுப்பினாள்.

பத்து மணிக்கு, ஓர்ஷா தாண்டிவிட்டது. அது எல்லைக்கு முந்திய ஊர். பிறகு ஒன்றும் இல்லை. பத்தரை. பதினொன்று. ஹாஜியார் அறைக் கதவு திறந்தே இருந்தது. அவர் என்னைப் பார்க்காத மாதிரி பேரீச்சம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பதினொன்றே காலுக்கு ஒரு செய்தி வந்தது. நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த இருபது நிமிடத்தில் நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. டிரைவர் பிறகு சொன்னது இது. சீருடைக்காரர் இரண்டு பேர் லாரியை ஓரம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். என்ன சரக்கு? தேயிலை. எங்கிருந்து? மின்ஸ்கிலிருந்து. ஒருவர் கதவைத் திறக்கச் சொல்லி ஒரு பெட்டியில் இருந்த முத்திரையைப் பார்த்திருக்கிறார். ஒரே நாட்டுச் சரக்கில் ஏன் இரண்டு நிற டேப் என்று கேட்டிருக்கிறார். துபாயில் அப்படித்தான் ஒட்டுவார்கள் என்று டிரைவர் தானாகவே ஒரு பொய் சொல்லியிருக்கிறார். தாளைத் திருப்பிக் கொடுத்துப் போகச் சொல்லிவிட்டார்கள்.

பிறகு ஒரு வீடியோ வந்தது. லாரிக் கண்ணாடி வழியாக எடுத்தது. ஈரமான ரோடு, வெள்ளை மரங்கள், தலைக்கு மேலே ரஷ்ய எழுத்தில் ஸ்மோலென்ஸ்க் என்று நீலப் பலகை. எதுவும் நடக்காத முப்பது விநாடி. நான் அதைப் பதினொரு தடவை பார்த்தேன்.

போனை ஹாஜியார் மேசையில் வைத்தேன். அவரும் இரண்டு தடவை பார்த்தார். டிராயரைத் திறந்து நான் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து நீட்டினார். வடக்கு மேசை உன்னுது, இதக் கொண்டுபோய் உன் வாப்பாட்ட காட்டு என்றார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது என்றேன். "அப்ப நீ படிச்சுக் காட்டு. அதுக்குத்தானே படிக்க வச்சாங்க" என்று இன்னொரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

மாலையில் அலேசியா கடைசியாக ஒரு படம் அனுப்பினாள். ஸ்மோலென்ஸ்க் கடையின் பின்னறையில் பெட்டிகள். சிவப்பும் பச்சையும் கலந்து கிடந்தன. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எங்கள் பக்கத்துத் தேயிலையும் நீலகிரித் தேயிலையும் கலந்திருக்கிறது. அது எங்கள் தோட்டத்துக் கொழுந்தா, பெரியப்பா தோட்டத்துக் கொழுந்தா என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்பதே எனக்குப் பிடித்திருந்தது.

டியூட்டி முடிந்து யூனியன் ஸ்டேஷன் வாசலில் நின்றே வீட்டுக்குப் போன் போட்டேன். அப்பா எடுத்தார். வேலை உயர்வைத்தான் முதலில் சொல்ல நினைத்தேன். லாரிக் கதைதான் முதலில் வந்தது. முடித்த பிறகு அப்பா கேட்டார்.

"ரெண்டு நாடுன்னுதானே சொன்ன?"

"ஆமாப்பா."

"பொட்டிய இது இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம்னு பிரிக்கலையா?"

"பிரிக்கலப்பா. பேப்பரப் பாத்துட்டு மொத்தமாப் போகச் சொல்லிட்டாங்க."

அந்தப் பக்கத்தில் அம்மா ஏதோ கேட்பதும், அப்பா பொறு என்று சொல்வதும் கேட்டது.

"பெரியப்பாவுக்குச் சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லப்பா. ஒங்களுக்குத்தான் மொதல்ல."

"அவரையும் லைன்ல சேத்து விடு புள்ள. நானே சொல்றேன்."

கோத்தகிரி நம்பரைச் சேர்த்தேன். மணி அடிக்கத் தொடங்கியது. அப்பா தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது. முட்டு வலியைப் பற்றி இல்லாமல் அண்ணனிடம் சொல்ல அவரிடம் அன்று ஒரு விஷயம் இருந்தது.